நான்காவது ஜெப அறை

என் கையெழுத்து இடது பக்கம் சாயும், படிக்கச் சிரமமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் தருக்கவியல் பேராசிரியர் என் விடைத்தாளை வகுப்பில் தூக்கிக் காட்டி, "என்னம்மா இது, காத்துல சாஞ்ச வேலி மாதிரி?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அன்று சாயங்காலமே கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஒரு வருடம் தினமும் இரண்டு பக்கம் எழுதிப் பழகினேன். சாய்வு போகவில்லை, எழுத்து மட்டும் தெளிவானது. யார் யார் சிரித்தார்கள் என்பது இன்னும் நினைவிருக்கிறது. என் அறைத் தோழி எறும்பு சிரிக்கவில்லை என்பதையும் நியாயமாக இங்கே சொல்லிவிடுகிறேன்.

முதல்வர் அம்மா, அன்று காலையில் நடந்ததை எனக்குத் தெரிந்தவரை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். விசாரணைக் குழுவில் போதகர் ஐயாவும் தருக்கவியல் பேராசிரியரும் இருப்பதால் அவர்களும் இதைப் படிப்பார்கள். விடுதியில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். சாப்பாட்டு அறையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு அடங்கிவிடுகிறது, உப்புக் குடுவையை மட்டும் கேட்காமலே என் பக்கம் நகர்த்தி வைக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. கண், காது, மூக்கு வைத்துப் பேசினால்தான் அவர்களுக்குச் சோறு இறங்கும். நான் எழுதுவது நடந்தது நடந்தபடி இருக்கும். நான் பொய் சொல்கிறவள் இல்லை. நான்கு வருடத்தில் என் வாயிலிருந்து ஒரு பொய் வந்ததாக யாராவது சொன்னால் அவர்களை என் முன்னால் நிறுத்திக் கேளுங்கள்.

என் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டால் மற்றது சுலபமாகப் புரியும். அப்பா துணைப் போதகர். இருபத்தாறு வருடமாகத் துணைதான். மூன்று பெரிய போதகர்கள் வந்து, இருந்து, மாற்றலாகிப் போய்விட்டார்கள். அப்பா ஒவ்வொருவருக்கும் ஒலிபெருக்கியின் உயரத்தைச் சரிசெய்து கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொள்வார். அம்மா ஒரு தொடக்கப் பள்ளியில் உதவித் தலைமையாசிரியை. அண்ணன் கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரன், மூன்று வருடம் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வீடு திரும்பினான். சித்தி வரும்போதெல்லாம், "உங்களுக்குத் துணைக் குடும்பம்னு வாசல்ல போர்டு மாட்டிடலாம்" என்பார். அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். நான் மட்டும் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவேன். இந்தக் கல்லூரிக்கே நான் இரண்டு வருடம் தாமதமாகத்தான் வந்தேன். முதல் இரண்டு முறையும் காத்திருப்போர் பட்டியலில் நான்தான் முதல் ஆள், இரண்டு முறையும் யாரும் விலகவில்லை.

எறும்புக்கு அந்தப் பேரை வைத்தது அவளேதான். முதல் நாள் அறிமுகக் கூட்டத்தில் எழுந்து, "எனக்குச் சின்ன வயசுலேருந்து சர்க்கரை வியாதி. தினம் ஊசி போட்டுக்கணும். ஆனா திடீர்னு சர்க்கரை இறங்கிடுச்சுன்னா உடனே இனிப்பு வேணும், அதனால பையைத் தொறந்தா சர்க்கரைக் கட்டியாத்தான் இருக்கும். நீங்க பேர் வெக்கறதுக்கு முன்னாடி நானே வெச்சுக்கறேன், எறும்புன்னு கூப்பிடுங்க" என்றாள். மொத்தக் கூட்டமும் அவள் பக்கம் சாய்ந்துவிட்டது. ஆளும் எறும்பு மாதிரிதான் இருப்பாள், ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். வகுப்பில் எல்லோரும் ஒருவரையொருவர் வாடி போடி என்போம். நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் என்னை மட்டும் அக்கா என்பாள். முதலில் அது எனக்குப் பிடித்திருந்தது.

அன்று மாலையே போதகர் ஐயா ஒரு தொப்பியில் சீட்டுப் போட்டு ஜெபத் துணைகளைக் குலுக்கி எடுக்கச் சொன்னார். இந்தக் கல்லூரியில் எல்லோருக்கும் ஒரு ஜெபத் துணை உண்டு. இருவரும் ஒரே அறையில் தங்க வேண்டும், வாரம் ஒரு நாள் மண்டியிட்டு, அந்த வாரத்துக் குறைகளை ஒருவரிடம் ஒருவர் சொல்லி, சேர்ந்து ஜெபிக்க வேண்டும். என் சீட்டை எறும்பு எடுத்தாள். "மாட்டினியாக்கா" என்று கையை ஆட்டினாள். மறுநாள் கல்லூரி நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு நோட்டில் அறிகுறிகளை வரிசையாக எழுதிக் கொடுத்தார். வியர்வை, கை நடுக்கம், பேச்சுக் குழறல், காரணமில்லாத சிரிப்பு, பிறகு மயக்கம். சிரிப்பு வருவதற்குள் சர்க்கரை கொடுத்துவிட வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதுவும் போடக் கூடாது, ஓடி வந்து நர்ஸைக் கூப்பிட வேண்டும். நான்கு வருடத்தில் பதினொரு முறை அவளுக்கு அப்படி ஆனது. பதினொரு முறையும் நான்தான் கவனித்தேன், நான்தான் சர்க்கரையை வாயில் வைத்தேன். ஒரு முறை நூலகத்தில், ஒரு முறை மாடிப்படியில், ஒரு முறை நீங்கள் பேசிக்கொண்டிருந்த பட்டமளிப்பு விழாவில். யாருக்கும் தெரியாது. தெரிந்தவர் அவள் அம்மா மட்டும்தான்.

அவள் அம்மா தையல்காரர். பள்ளிச் சீருடை தைத்துத் தைத்து வலது ஆள்காட்டி விரல் தட்டையாகியிருக்கும். ஞாயிறுதோறும் மகளோடு பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொல்வார். "கண்ணு, அவ விளையாட்டுப் புத்தி. நீதான் பாத்துக்கணும்" என்பார். "பாத்துக்கறேம்மா" என்பேன். பார்த்துக்கொண்டும்தான் இருந்தேன்.

படிப்பு விஷயம் வேறு. நான் நான்கு மணி நேரம் முட்டி மோதி மண்டையில் ஏற்றுவதை அவள் தலை துவட்டிக்கொண்டே படித்துவிடுவாள். துண்டு காய்வதற்குள் பாடம் முடிந்துவிடும். முடிந்த ஏழு பருவத் தேர்வுகளில் ஆறில் அவள் முதலிடம், நான் இரண்டாமிடம். ஒன்றில் அவளுக்குக் காய்ச்சல், அதில் நான் முதலிடம். அதற்கும் அவள்தான் பக்கத்து அறைகளுக்கெல்லாம் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். "எங்கக்கா ஃபர்ஸ்ட்" என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தாள். மூன்றாம் வருடம் ஒரு வியாழக்கிழமை, குறை சொல்லும் நேரத்தில், "எனக்கு உன் மேல பொறாமையா இருக்கு" என்று சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அது மறைப்பது ஆகும். அவள் கொஞ்சமும் அசரவில்லை. "அப்பாடா, இப்பவாவது சொன்னியே. எனக்கு எப்பவோ தெரியும்க்கா. போனாப் போகுது விடு" என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அன்று எனக்கு வந்தது கோபம் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அப்படி எதுவும் வந்ததில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் மாதிரி ஆகிவிட்டது, கிள்ளினால் கிள்ளுவது தெரியும், வலி தெரியாது.

ஒவ்வொரு வருடமும் கடைசி வருட மாணவர்களில் ஒரே ஒருவரை அந்தப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு மேற்படிப்புக்கு அனுப்புகிறீர்கள். மொத்தத்தில் முதலிடம் வருகிறவருக்குத்தான் அந்த இடம். இரண்டாமிடத்துக்கு ஒரு சான்றிதழும் கைகுலுக்கலும். கடைசித் தேர்வு தருக்கவியல். அதற்கு முன்பு வரை கூட்டிப் பார்த்தால் எறும்பு என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம். தருக்கவியலில் என்னால் நான்கு மதிப்பெண் முந்த முடியாது என்று எனக்குத் தெரியும். அது தருக்கவியல் படித்தவளுக்குத் தெரிய வேண்டிய விஷயம்.

வெளியாள் யாராவது இதைப் படித்தால் ஜெப அறைகளைப் பற்றித் தெரியாது, அதனால் எழுதுகிறேன். ஆலயத்துக்குப் பின்னால் தாழ்வாரத்தில் வரிசையாக நான்கு அறைகள். ஒவ்வொன்றிலும் மண்டியிட ஒரு பலகை, சுவரில் ஒரு சிலுவை, மேலே ஒரு சின்னச் சன்னல், அவ்வளவுதான். கதவுகளுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அதற்குப் பதிலாக வெளியே ஒரு மரப் பலகை தொங்கும். ஒரு பக்கம் 'காலி', மறு பக்கம் 'ஜெபத்தில்'. 'ஜெபத்தில்' என்று இருந்தால் யாரும் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, எட்டிப் பார்க்கக் கூடாது. இரண்டாம் வருடம் தீயணைப்புப் பயிற்சி நடந்தபோது முந்நூற்றுச் சொச்சம் பேரும் வெளியே மைதானத்தில் வெயிலில் நிற்க, உள்ளே இரண்டு பேர் ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை. தீயணைப்பு அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். நாங்கள் அதை ஒரு வருடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

தேர்வும் நம்பிக்கையின் பேரில்தான். கண்காணிப்பாளர் இல்லை. கூடத்து மேஜையில் அவரவர் பேர் எழுதிய உறை இருக்கும். எட்டு மணியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம், ஒன்பதுக்கு மேல்தான் பிரிக்க வேண்டும். கட்டடத்தில் எந்த மூலையில் வேண்டுமானாலும் உட்கார்ந்து எழுதலாம். பிரித்த நேரத்தை நாமே உறை மேல் எழுதி, பன்னிரண்டுக்குள் பேராசிரியர் அறை வாசலில் உள்ள பெட்டியில் போட வேண்டும். கடைசிப் பக்கத்தில் உறுதிமொழி. 'இந்தத் தேர்வில் நான் யாருடைய உதவியும் பெறவில்லை, யாருக்கும் உதவி செய்யவும் இல்லை.' கீழே கையெழுத்து. ஆகவே பன்னிரண்டு மணி வரை யார் எங்கே இருக்கிறார்கள் என்று யாரும் தேட மாட்டார்கள்.

அப்புறம் உபவாசம். கடைசித் தேர்வுக்கு முந்தின மாலையிலிருந்து தேர்வு முடியும்வரை கடைசி வருடத்தார் எதுவும் சாப்பிடுவதில்லை. கட்டாயம் இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள், உண்மைதான், ஆனால் எல்லோரும் இருப்பார்கள். எறும்புக்கு மட்டும் எப்போதும் விலக்கு. மற்ற உபவாச நாட்களிலும் அந்தப் பெரிய சாப்பாட்டு அறையில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள். சாப்பிட்டுவிட்டு வந்து, "எல்லாரும் பரலோகம் போறீங்க, நான் மட்டும் ரொட்டி தின்னுட்டு இருக்கேன்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள்.

முந்தின நாள் தேநீர் நேரம் முடிந்து அறைக்கு வந்தோம். கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, இந்த ஒரு தடவை நானும் உபவாசம் இருக்கட்டுமா? கடைசி வருஷம். நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தானே."

"உனக்கு எது சரின்னு படுதோ செய்" என்றேன்.

"திட்ட மாட்டியா?"

"நான் எதுக்குத் திட்டணும்?"

"ஊசி? சாப்பிடலேன்னா ஊசியும் வேண்டாம்தானே? நான் சாப்பிடாம இருந்ததே இல்லையா, எப்படின்னு தெரியல. நர்ஸ்கிட்ட கேட்டா விட மாட்டாங்க. நீ நோட்டைப் பாரேன்."

நோட்டை எடுத்தேன். 'எந்தக் காரணத்துக்காகவும் ஊசியை நிறுத்தக் கூடாது' என்று நர்ஸ் எழுதியிருந்தார், அடிக்கோடும் போட்டிருந்தார். அதை அப்படியே வாசித்துக் காட்டினேன். அதற்கு அடுத்த வரி, 'சாப்பிடாத நாளில் அளவைக் குறைக்க வேண்டும், என்னிடம் கேட்காமல் போடக் கூடாது' என்று இருந்தது. அதை வாசிக்கவில்லை. அவள் கேட்டது ஊசி வேண்டுமா வேண்டாமா என்பதை. அதற்கு விடை முதல் வரியிலேயே இருந்தது. நோட்டு என் மேஜையின் இரண்டாவது இழுப்பறையில் இருக்கிறது, நீங்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

காலையில் எழுந்து தலைவாரிக்கொண்டிருந்தபோது, தினமும் கேட்பது போலவே, "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டேன். "போட்டாச்சு போட்டாச்சு" என்றாள். முகம் தெளிவாக இருந்தது. முதல் தடவையாக எல்லோரையும் போல அவளும் சாப்பாட்டு அறை வாசலைத் தாண்டி நடந்தாள். உள்ளே இருந்த ஜூனியர்களுக்குக் கையை ஆட்டிவிட்டு, "நீங்க தின்னுங்க, நாங்க பெரியவங்க" என்றாள். கூடத்தில் எங்கள் இருவர் உறையையும் எடுத்துக்கொண்டோம்.

எட்டு நாற்பதுக்கு நான்காவது ஜெப அறைக்குள் போனோம். பைகளை வெளியே அலமாரியில் வைப்பது வழக்கம், உள்ளே இரண்டு பேர் மண்டியிட்டாலே முழங்கை இடிக்கும். முதலில் நான் ஜெபித்தேன். பிறகு அவள். "ஆண்டவரே, அக்கா ராத்திரி பகலாப் படிச்சிருக்கா. அவளுக்கு எதுவும் மறந்துபோகக் கூடாது" என்றுதான் ஆரம்பித்தாள். எனக்காகத்தான் முதலில் கேட்டாள். அடுத்த வாக்கியம் குழறியது. அவள் மேலுதட்டில் வியர்வை பொட்டுப் பொட்டாக நின்றது. ஜெபத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அக்கா, உனக்கு மூக்கு ரெண்டா இருக்கு" என்றாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும், நோட்டில் நான்காவது. கொஞ்ச நேரம் கழித்து அவளுக்கே புரிந்தது. "பை... என் பையை எடுத்துத் தாயேன்" என்றாள்.

"எடுத்துட்டு வரேன்" என்றேன். பையை எடுக்கவும் செய்தேன், திரும்பி வரவும் செய்தேன். எத்தனை மணிக்கு என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

வெளியே வந்து கதவைச் சாத்தினேன். ஒன்பது மணி அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே போகும்போது பலகையைத் திருப்ப மறந்திருந்தோம், 'காலி' என்றே தொங்கியது. அதைத் திருப்பினேன். பலகையைச் சரியாக வைப்பது எல்லோருடைய கடமை என்று போதகர் ஐயாவே பல முறை சொல்லியிருக்கிறார். அவள் பையையும் என் பையையும் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படிக்கு வந்தபோது, தாழ்வாரம் துடைக்க வாளியம்மா வந்துகொண்டிருந்தார். கூட்டிப் பெருக்கித் துடைக்கும் அம்மாவுக்கு நாங்கள் வைத்த பேர் அது, அவர் உண்மைப் பேர் எனக்குத் தெரியாது.

"என்ன பாப்பா, ஒரு ஆளுக்கு ரெண்டு பையா?"

"ஒண்ணு எறும்போடது. அவ ஜெபத்துல இருக்கா."

"இருக்கட்டும் இருக்கட்டும். நல்லா எழுது."

இந்த உரையாடலை அவர் உங்களிடம் சொல்லியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. நான் சொன்னதிலும் எந்தத் தவறும் இல்லை. அவள் ஜெபத்தின் நடுவில்தான் இருந்தாள்.

மாடியில் வரலாற்று வகுப்பறையில், சன்னலோரம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். கேள்விகள் கடினம்தான், ஆனால் நியாயமானவை. பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்கும்போது எழுதுவதை நிறுத்தி, உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டேன். ஒரு முறை படித்துவிட்டுத்தான் போட்டேன். பெட்டியில் போட்டுவிட்டுக் கீழே வந்து, அவள் பையை அலமாரியில் பழைய இடத்திலேயே வைத்தேன். பலகை திருப்பியபடியே இருந்தது. மற்ற மூன்று அறைகளையும் துடைத்து முடித்த வாளியம்மா, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். "இன்னும் முடியல போல" என்றார் மெதுவாக. நான் தலையாட்டினேன்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் தட்டியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறீர்கள். அது சரியில்லை. வருடக்கணக்காகத் தட்டாதே தட்டாதே என்று சொல்லிக் கொடுத்துவிட்டு ஏன் தட்டவில்லை என்று கேட்டால் அந்த அம்மா எங்கே போவார்? பதினொன்றே காலுக்கு நீங்களே அந்தப் பக்கம் போனீர்கள். ரொம்ப நேரமாகக் கதவு திறக்கவில்லையே என்று அவர் உங்களிடம் கேட்டிருக்கிறார். "கடைசிப் பரீட்சை, மனசுல பாரம் இருக்கும். அவசரப்படுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். போதகர் ஐயா இரண்டு முறை கடந்து போயிருக்கிறார், ஒரு முறை நின்று தலைகுனிந்து ஆமென்கூடச் சொன்னாராம். நான் யாரையும் குறை சொல்லவில்லை. எல்லோரும் வழக்கத்தை மதித்தார்கள், நானும் அதைத்தான் செய்தேன்.

சாப்பாட்டு அறைக்குப் போய் உபவாசத்தை முடித்தேன். ரொட்டி, முட்டை, ஒரு வாழைப்பழம். நல்ல பசி. எறும்பு எங்கே என்று யாரோ கேட்டார்கள், ஜெப அறையில் என்றேன். "அவளா?" என்று வியந்தார்கள். ஒன்றேகாலுக்கு, விடைத்தாள் ஒன்று குறைகிறது என்று பேராசிரியர் சொன்ன பிறகு, போதகர் ஐயா கதவைத் திறந்தார். கதவு முழுதாகத் திறக்கவில்லை, அவள் அதன் மேல் சாய்ந்து கிடந்தாள். நர்ஸ் ஓடி வந்தார். செய்வதற்கு அப்போது ஒன்றும் இல்லை.

அழுதாயா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. அழுகை வரும் என்றுதான் காத்திருந்தேன். அடக்கத்தின்போது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தத் தட்டை விரல் என் மணிக்கட்டில் அழுந்திக்கொண்டே இருந்தது. "கண்ணு, நீ மட்டும் பக்கத்துல இருந்திருந்தா என் பொண்ணு பொழச்சிருப்பாள்ல?" என்று கேட்டார். "ஆமாம்மா" என்றேன். அவரிடம் வேறு எதுவும் சொல்ல முடியாது, அது உண்மை. அவர் என் தலையைத் தடவினார். அவளுடைய போர்வையை என்னை வைத்துக்கொள்ளச் சொன்னார். வைத்துக்கொண்டிருக்கிறேன், நல்ல கனமான போர்வை.

கல்லூரிக் கையேட்டின் ஒழுக்க விதிகளில் கடைசி விதியை உங்களுக்கு நான் நினைவுபடுத்தத் தேவையில்லை. தவறு செய்தவர், குழு தன் முடிவைச் சொல்வதற்கு முன், தானாகவே முழுதும் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் மன்னிக்கப்பட்டவராகவே நடத்தப்பட வேண்டும், அவர் பட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் அதனால் குறைவு வரக் கூடாது. ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும் போதகர் ஐயா இதைச் சத்தமாக வாசிப்பார், நாங்கள் எழுந்து நிற்போம். நானாகவே எழுதுகிறேன். எதையும் மறைக்கக் கூடாது என்பதால், மீதியிருப்பதையும் எழுதிவிடுகிறேன்.

என் உறை மேல் பிரித்த நேரம் 9.22 என்று இருக்கிறது. மற்ற எல்லோரும் ஒன்பது என்றோ ஒன்பது ஐந்து என்றோ எழுதியிருக்கிறார்கள். நானும் ஒன்பது என்று எழுதியிருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள், ஆனால் அது பொய்யாகியிருக்கும். கதவைச் சாத்தியதும் நான் மாடிக்குப் போகவில்லை. அவள் எழுந்து வந்து கதவை உள்ளேயிருந்து இழுத்தாள், நான் வெளியே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுக்கு அப்போது பெரிய பலம் எதுவும் இல்லை, ஒரு கையே போதுமாக இருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டாள். பத்தொன்பது முறை கூப்பிட்டாள், எண்ணினேன். கடைசி நாலைந்து முறை வார்த்தை முழுதாக வரவில்லை. பிறகு கதவில் ஏதோ சரிந்து உட்கார்ந்த சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் நின்று, சத்தம் நின்றுவிட்டதை நிச்சயப்படுத்திக்கொண்டுதான் பைகளை எடுத்தேன்.

இதனால் எனக்குக் கடைசிக் கேள்வியை எழுத நேரம் கிடைக்கவில்லை. பத்து மதிப்பெண் கேள்வி, விடை எனக்கு நன்றாகத் தெரியும். இப்போது மொத்தத்தில் நான்தான் முதலிடம், ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் தருக்கவியலில் குறைந்தது எண்பது கேட்கிறது, எனக்கு வந்திருப்பது எழுபத்தெட்டு. அந்த இடத்தை இந்த வருடம் காலியாக விடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த இருபத்திரண்டு நிமிடமும் நான் சோம்பலில் வீணாக்கியது அல்ல, என் ஜெபத் துணையுடன் இருந்தது என்பதைப் பேராசிரியர் அவர்கள் கருணையுடன் கணக்கில் எடுத்துக்கொண்டு, எனக்கு வர வேண்டிய இரண்டு மதிப்பெண்ணைப் போட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.